சோதனைச் சாவடியில் நான் சொன்ன வார்த்தை

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். டெக்ஸஸின் தெற்குக் கோடியிலிருந்து, டாலஸ் பக்கம் இருக்கும் எங்கள் காப்பெல் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் மூன்று பேர். ஓட்டியவள் என் தோழி. பக்கத்தில் நான். பின்சீட்டில் பதினைந்து வயது என் மகள், காதில் எதையோ செருகிக்கொண்டு பாதித் தூக்கத்தில். அவள் பக்கத்தில் ஒரு பை நிறைய கிரேப்ஃப்ரூட் பழம், நம்மூர்ப் பம்ப்ளிமாஸுக்குத் தம்பி. பழப் பைக்கு மேலே, நசுங்காமல் இருக்க வேண்டும் என்று தோழியின் ஸ்வெட்டரில் சுற்றி வைத்த நீல நிற ஃபைல். அதற்குள் இறந்துபோன ஒருவரின் பள்ளிச் சான்றிதழ்.

இரண்டு பக்கமும் தட்டையான நிலம். சாலையோரம் முழுக்க நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிகள். இந்தக் கண்டத்திலிருந்துதான் அந்த மரம் நம் ஊருக்கு வந்ததாம். அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்த எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அது அங்கே போய்ப் பரவிவிட்டது, நான் இங்கே வந்து வேர் பிடிக்கப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் எல்லாம் நடந்தது.

என் தோழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளி நூலகத்தில் ஏழு வருஷமாக இருவரும் சேர்ந்து வேலை செய்கிறோம். என்னைவிட மூன்று வயது மூத்தவள். டெக்ஸஸ் அமெரிக்காவோடு சேருவதற்கு முன்பிருந்தே அவள் குடும்பம் அந்தத் தென்கோடியில் இருக்கிறது. பழகிய முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள், என்னை மெக்ஸிகன் என்றும் சொல்லாதே, அரசாங்க ஃபாரத்தில் இருக்கிற பெயரையும் சொல்லாதே, நான் சிக்கானா என்று. மெக்ஸிக வம்சத்து அமெரிக்கர்களுக்கு ஒரு காலத்தில் அது கேலிப் பெயராம். அவள் அப்பா தலைமுறைப் பிள்ளைகள் அதைத் தரையிலிருந்து பொறுக்கி, தூசி தட்டி, சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டார்களாம்.

அந்த அப்பாவுக்காகத்தான் இந்தப் பயணம். அவர் படித்த பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி. மரப்பலகையால் பின்பக்கம் அடிப்பார்கள். ஒரு நாள் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். எங்கள் மொழியைப் பேச விடு, எங்கள் கதையையும் பாடத்தில் வை, எங்கள் ஆட்களையும் டீச்சராக்கு என்று கேட்டார்கள். பள்ளி அவர்களை வெளியே தள்ளியது. அவர் கடைசிவரை சான்றிதழ் இல்லாமல், எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து, இந்தப் பயணத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். இப்போது அதே பள்ளி ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவர்களைக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தது. இருப்பவர்கள் தாங்களே வாங்கலாம், இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கலாம்.

ஒன்பது மணி நேர டிரைவ். தனியாகப் போகிறேன் என்றாள். நானும் வருகிறேன், மாற்றி மாற்றி ஓட்டலாம் என்றேன். மகளுக்கு ஸ்கூலில் ஹிஸ்டரி ப்ராஜெக்ட் இருந்தது, அவளும் தொற்றிக்கொண்டாள். சனிக்கிழமை அந்தப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில், ஜீன்ஸுக்கு மேல் பட்டமளிப்பு அங்கி போட்ட எழுபது வயதுக்காரர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்கள் என் தோழியைக் கட்டிப்பிடித்து ஸ்பானிஷில் பேசினார்கள். இவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். புரிகிறது, வாயில் வரவில்லை. அடி வாங்கிய அப்பா, பிள்ளை அடி வாங்கக் கூடாது என்று வீட்டில் அந்த மொழியைப் பேசவே இல்லையாம். நான் திரும்பி, தமிழில் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற என் மகளைப் பார்த்தேன். அவள் அவசரமாகப் போனைப் பார்த்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே வந்த நாள்முதல், மளிகைக் கடையிலோ பெட்ரோல் போடும் இடத்திலோ யாராவது என்னிடம் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தால், அவர்கள் வாக்கியம் முடிவதற்குள் "நோ, நோ, இந்தியன்" என்று முந்திக்கொள்வேன். நம்மூர்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடும் எங்கள் பாட்லக் விருந்துகளில் அது ஒரு நிரந்தர ஜோக். என்னையும் மெக்ஸிகன்னு நெனச்சுட்டாங்கப்பா என்று ஒருவர் ஆரம்பிப்பார், தட்டில் வடையோடு எல்லாரும் சிரிப்போம். எதற்குச் சிரித்தோம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, காருக்கு வருகிறேன்.

ஒரு பச்சைப் பலகை கடந்து போனது. தோழி ரொம்பச் சாதாரணமாக, செக்பாயின்ட் வருது, உன் கார்டை எடுத்துக் கையில வெச்சுக்கோ என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நாம் எல்லையே தாண்டவில்லையே என்றேன். தாண்ட வேண்டியதில்லை, தெற்கிலிருந்து வடக்கே போகிற எல்லா வண்டியையும் இங்கே நிறுத்தி, எந்த நாட்டு ஆள் என்று கேட்பார்கள் என்றாள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை கடந்தவள். அவளுக்கு அது டோல்கேட் மாதிரி. நான் எப்போதும் கார்டைப் பர்ஸில் வைத்திருப்பேன் என்றே நினைத்திருக்கிறாள்.

என் கிரீன் கார்டு காப்பெலில், பேங்க் லாக்கரில் இருந்தது.

சிரிக்காதீர்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வந்த அட்டை அது. வந்த அன்று சாமி அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டுக் கும்பிட்டோம். மறுநாளே என் கணவர், இதைத் தொலைச்சோம்னா திரும்ப வாங்கறதுக்குள்ள உயிர் போயிரும் என்று, கல்யாண நகையோடு சேர்த்து லாக்கரில் வைத்துவிட்டார். எப்போதும் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த பாதி வீடுகளில் அது லாக்கரில்தான் தூங்குகிறது. போனில் ஒரு போட்டோகூட வேண்டாம், ஹேக் பண்ணிருவான் என்று அதையும் அவர் தடுத்திருந்தார்.

அவருக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு சண்டேம்மா. பேங்க் லீவு."

திரும்பிப் போயிரலாமா என்று தோழியிடம் கேட்டேன். எங்கே போவது, வடக்கே போகிற ரோடு எல்லாவற்றிலும் இது இருக்கிறது, பார்த்துவிட்டுத் திரும்பினால் துரத்திக்கொண்டு வருவார்கள் என்றாள். வேகத்தைக் குறைத்தாள். ரோட்டைப் பார்த்தபடியே, அவள் அப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வைத்ததை எனக்குச் சொன்னாள்.

"கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு. கேக்காததைச் சொல்லாதே. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே. அவ்வளவுதான்."

மூன்றே மூன்று. ஏழாம் வாய்ப்பாடு மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டதுக்கு. கேக்காததை. படிக்காம. முன்னால் வரிசையாக வண்டிகள். கூரை போட்ட சாவடி. ஒரு நாய் வண்டிகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இறக்கியதும் அதன் நகம் தார்ச்சாலையில் உரசும் சத்தம் கேட்டது. மகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு நேராக உட்கார்ந்தாள்.

எல்லைக் காவல் அதிகாரி குனிந்தார். பச்சைச் சீருடை, கறுப்புக் கண்ணாடி. எல்லாரும் அமெரிக்கக் குடிமக்களா என்று கேட்டார். தோழி ஆமாம் என்றாள். மகள் ஆமாம் என்றாள். நான் கிரீன் கார்டு என்றேன். காட்டுங்கள் என்றார். வீட்டில் இருக்கிறது, பேங்க்கில் என்றேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. வண்டியை ஓரமாக அந்த இரண்டாவது வரிசைக்குக் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னார்.

அங்கே நிறுத்தினோம். அவர் நடந்து வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். இறங்கச் சொன்னார். இறங்கினேன். அந்த நொடியில் நான் மனப்பாடம் செய்த மூன்றும் காற்றில் போயின. யாரும் கேட்காத ஒன்று என் வாயிலிருந்து தானாக வெளியே வந்தது.

"சார், நான் மெக்ஸிகன் இல்ல. நாங்க இந்தியன்ஸ். லீகலா வந்தவங்க. இவங்க ஃபங்ஷனுக்குச் சும்மா கூட வந்தேன், அவ்வளவுதான். இவங்க ஆளு இல்ல நான்."

இங்கிலீஷில்தான் சொன்னேன். ஆனால் தமிழில் எழுதும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிகிறது. பேசும்போது என் கை தோழியின் பக்கம் நீண்டு, அவளைச் சுட்டிக் காட்டியிருக்கிறது. எனக்குத் தெரியாது. மகள் பிறகு சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். என் நிறம்தான். என் தம்பி என்று சொன்னால் ஊரில் நம்புவார்கள். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தேன். அதே தென்கோடிப் பெயர், முந்தின நாள் சான்றிதழ் வாங்க மேடைக்குக் கூப்பிட்ட பெயர்களில் மூன்று நாலு பேருக்கு இருந்த பெயர்.

"நானும் மெக்ஸிகன் இல்லை, மேடம். நான் இங்கேயே பிறந்தவன். உள்ளே வாங்க" என்றார்.

ஸ்டியரிங்கில் தோழியின் விரல்கள் இறுகியிருந்தன. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. மகள் குரல் மட்டும் பின்னால் கேட்டது, "அம்மா..." என்று.

உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு கவுன்ட்டர், ஒரு சுவர்க் கடிகாரம். போனை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் கார்டு நம்பர் என்ன என்றார்கள். கணவரின் போன் நம்பர்கூடப் பாதிதான் ஞாபகம் வந்தது. டிரைவர் லைசென்ஸைக் கொடுத்தேன். ரேகை எடுக்க வேண்டும் என்றார்கள். கண்ணாடி மேல் விரலை வைத்தேன். மெஷின் எடுக்கவில்லை. மறுபடி வைத்தேன், எடுக்கவில்லை. பயத்தில் விரல் நுனியெல்லாம் வியர்வை. அந்த அதிகாரியே ஒரு பேப்பர் டவலைக் கிழித்து என்னிடம் நீட்டினார், துடைத்துக்கொள்ளுங்கள் என்று. இப்போதும் யோசிக்கிறேன், அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தது. சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது, உட்காருங்கள் என்றார்.

பெஞ்சின் மறுகோடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டில் வெள்ளைப் பெயின்ட் துளிகள். நான் உட்காரப் போனதும் ஃபேன் காற்று எனக்கும் படட்டும் என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் பூட்ஸைப் பார்த்தேன். கயிறு இல்லை. இரண்டு பூட்ஸிலும் கயிற்றை உருவியிருந்தார்கள். நாக்கு வெளியே தொங்குகிற மாதிரி வாய் பிளந்து கிடந்தன. எதற்காக உருவுவார்கள் என்று யோசித்தேன். அடைக்கப்போகிற ஆள் அதில் சுருக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் இருக்கும். என் காலில் செருப்புதான். உருவுவதற்கு ஒன்றும் இல்லை. அதில் ஒரு அற்ப நிம்மதி.

பயம் எப்படியெல்லாம் அலைகிறது பாருங்கள். வீட்டில் கிளம்பும்போது உறை ஊற்றாமல் வந்த பால். மகளின் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். என்னை எங்காவது கொண்டுபோனால் அவளுக்கு யார் தலை பின்னுவார்கள், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, அவளே பின்னிக்கொள்கிற பெண்ணுக்கு. கம்ப்யூட்டரில் என் பெயர் தப்பாக இருந்தால்? அப்பா பெயரும் என் பெயரும் இடம் மாறியிருந்தால்? நமக்குத்தான் இன்ஷியல் எப்போதும் தகராறு. அதிகாரி இரண்டு விரலால் டைப் செய்தார். ஒவ்வொரு தட்டலுக்கும் நான் ஒரு தடவை செத்தேன்.

ஜன்னல் வழியே கார் தெரிந்தது.

நீங்கள் இருவரும் போகலாம், ஒன்றும் தடையில்லை என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிறகு மகள் சொன்னாள். தோழி போகவில்லை. அவளோட வந்தேன், அவளோடதான் போவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, காருக்கு வெளியே நடைபாதை விளிம்பில் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள், உள்ளே இருக்கிற எனக்குத் தெரிகிற மாதிரி. ஸ்வெட்டரை என் மகள் தலையில் போட்டிருந்தாள். ஒரு கிரேப்ஃப்ரூட்டை எடுத்து நகத்தால் கீறி, தோலை உரித்து, சுளை சுளையாக அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கையும் ஆட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவள் பார்க்கும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டே முக்கால் மணி நேரம்.

கடைசியில் பிரின்ட்டர் சத்தம் போட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது, இனிமேல் கார்டை லாக்கரில் வைக்காதீர்கள், கையில் வைத்திருங்கள் என்றார். ஒரு காகிதம் நீட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது. நான் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது பெயின்ட் துளிக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், நல்லபடியா போய்ட்டு வா என்று வழியனுப்புகிற மாதிரி. நான் வாசலைப் பார்த்து நடந்தேன். கதவு என் பின்னால் மூடிக்கொண்டது.

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் கையெல்லாம் பழ வாசம். தோழி எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சாவியை எடுத்தாள். பாத்ரூம் போகணுமா என்று கேட்டாள். இருபது மைலில் ஒண்ணு இருக்கு என்றாள். அவ்வளவுதான்.

அந்த இருபது மைலும் யாரும் பேசவில்லை. மகள்தான் உடைத்தாள். அவள் எப்போதும் போல இங்கிலீஷில், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"யூ டிட்ன்ட் ஹாவ் டு சே தட், மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தோழியின் பக்கம் திரும்பி மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். பயத்தில் வந்துவிட்டது, உன்னை நினைத்துச் சொல்லவில்லை என்று ஏதேதோ. அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றாள். இரண்டு மூன்று மைல் கழித்து, முந்தின நாள் மேடையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

அவள் அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. ஒரு நாள் ஹெட்மாஸ்டர் வகுப்புக்குள் வந்து, இங்கே ஸ்பானிஷ் பேசியது யார் என்று கேட்டார். கையில் அந்தப் பலகை. பேசியது இவர்தான், பக்கத்துப் பையனோடு. ஆனால் ஹெட்மாஸ்டர் அருகில் வந்ததும் இவர் விரல் தானாக நீண்டு அந்தப் பையனைக் காட்டிவிட்டது. அவன் அடி வாங்கினான். திரும்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான். சில வாரம் கழித்து எல்லாரும் எழுந்து வெளியே நடந்த அன்று, அந்த வகுப்பில் முதலில் எழுந்தவர் இவர்.

"ஊர்ல எல்லாரும் அவரைத் தைரியசாலின்னு சொல்வாங்க. சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எங்கிட்ட இதைச் சொன்னாரு. அந்த விரலை மறக்கறதுக்குத்தான் எழுந்தேன்னாரு. மறக்க முடியலையாம்."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. உன்னை மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பின்னால் கையை நீட்டி மகளிடம் ஒரு பழம் கேட்டாள். மகள் உரித்த சுளையை முதலில் அவளுக்குக் கொடுத்து, அடுத்ததை என் பக்கம் நீட்டினாள். கசப்பும் புளிப்பும் கொஞ்சம் இனிப்புமாக இருந்தது. ஸ்வெட்டருக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்ட அந்த நீல ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்று அந்தக் காரில் இருந்த ஒரே பத்திரம் அதுதான். ஐம்பது வருஷம் தாமதமாக, ஆள் போன பிறகு வந்தது. காப்பெல் வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

நாங்கள் இன்னும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். முன்பு மாதிரியே பேசுகிறோம், சிரிக்கிறோம். ஆனாலும் சில நாள் புத்தகம் அடுக்கும்போது நடுவில் ஒரு அமைதி வந்து உட்காரும். அது எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். அதை விரட்ட நான் முயற்சி செய்வதில்லை. பாட்லக்கில் அந்தப் பழைய ஜோக்கை யாராவது ஆரம்பித்தால், தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போகாமல், அங்கேயே உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறேன். ரெண்டு பேர் சங்கடமாக நெளிவார்கள், ஒருவர் பேச்சை மாற்றுவார். கடையில் யாராவது ஸ்பானிஷில் பேசினால் இப்போது பேசி முடிக்க விடுகிறேன். எனக்கு அந்த மொழி தெரியாது என்று மட்டும் சொல்கிறேன், நான் யார் இல்லை என்று சொல்வதில்லை.

கிரீன் கார்டு இப்போது கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கிறது. கடைக்குப் போனாலும், குப்பை போட வாசலுக்குப் போனாலும்கூட தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ரோட்டில் பச்சைச் சீருடை தெரிந்தால் இன்றும் விரல் நுனி வியர்க்கிறது, கயிறில்லாத அந்தப் பூட்ஸ் இரண்டும் கண் முன்னால் வந்து வாய் பிளக்கின்றன. பயம் போகவில்லை, போகும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் பயப்படுகிற அந்த நொடியில் என் விரல் யார் பக்கம் நீளுகிறது என்பதை மட்டும் இப்போதெல்லாம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.